சலங்கைக்கு ஒரு கூடை: செரோக்கி போய் வந்தது

வெள்ளிக்கிழமை காலை 4.35. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் பின்புறம் முதலில் கண்டது, வான் வண்டிக்குள் தலையை விட்டபடி ரைஸ் குக்கரைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்த ராணியை. மோட்டல் அறையில் சோறு போடுவதற்காம். அவருடைய கணவர் தவம் பிறம்ரனிலிருந்து தெற்கே லொறி ஓட்டுபவர். பாதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். மகள் நிரோவுக்குப் பதின்மூன்று வயது, மகன் சுதனுக்கு எட்டு. அடுத்த வீட்டுக்காரனான நான் பெற்றோல் செலவில் பங்கு தருவதாகச் சொல்லித் தொற்றிக்கொண்டேன். 1996, ஜூலை.

போகும் இடம் அமெரிக்காவின் வட கரோலினா மலைகளில் உள்ள செரோக்கிப் பழங்குடி மக்களின் ஊர். அங்கே அவர்களுடைய கைவினைஞர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடை ஒன்று இருக்கிறது. லொறிப் பயணமொன்றில் அதன் கூடைகளைப் பார்த்த தவம் வீட்டில் வந்து சொல்ல, ராணி பிடித்துக்கொண்டார். ஒக்ரோபரில் நிரோவின் பரதநாட்டிய அரங்கேற்றம். சலங்கையை மேடைக்கு எடுத்துவர, ரொறன்ரோவில் எவரும் வைத்திராத கூடை வேண்டும். நானூறு பேருக்கு ஹோல், அதாவது மண்டபம், பிடித்தாகிவிட்டது. நிரோவோ இந்த வருடம் வேண்டாம் என்கிறாள். அது மேடைப் பயம் என்று ராணி எனக்கு விளக்கினார். அவளோடு நடனம் பழகத் தொடங்கிய இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே அரங்கேற்றம் ஆடிவிட்டார்கள்.

டிற்றோயிற் எல்லையில் அதிகாரி ரைஸ் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஒஹாயோ முழுவதும் சோளம். இரவு கென்ரக்கியில் 34 டொலர் மோட்டல். சோறு நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை காலை 11.20. மலையிறங்கி ஊருக்குள் நுழைந்தோம். வந்த தூரம் ஏறத்தாழ 1,350 கிலோமீற்றர். தெரு நெடுக நினைவுப்பொருள் கடைகள். ஒன்றின் வாசலில், முதுகுவரை இறகுகள் தொங்கும் தலையணியோடு ஒருவர் நின்றார். அவரோடு படம் எடுக்க ஐந்து டொலர். சுதன் எடுத்துக்கொண்டான்.

கூட்டுறவுக் கடை வேறு மாதிரி. ஒவ்வொரு பொருளின் கீழும் செய்தவரின் பெயர் எழுதிய சிறு அட்டை. ஜன்னலோரம் ஜீன்ஸ் அணிந்த பெண் ஒருவர் ஆற்று மூங்கிலைக் கத்தியால் கீற்றுக் கீற்றாகப் பிளந்துகொண்டிருந்தார். வயது நாற்பது இருக்கலாம். பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கீற்றுக் கொடுத்தார். உங்களுக்கு ஏன் இறகு இல்லை என்று சுதன் கேட்டான். வாசலில் நிற்பவன் தன் மச்சான் என்றும், தங்கள் ஆட்கள் அப்படி அணிவதே இல்லை என்றும், ஆனால் தன்னைவிட அவனுக்குத்தான் நல்ல வருமானம் என்றும் சொன்னார்.

உள்ளங்கை அளவுக் கூடை அறுபது டொலர். தாம்பாள அளவென்றால் முந்நூறுக்கு மேல். ராணியின் பார்வை அந்தப் பெண்ணின் காலடியில் கத்தரிக்கோல் போட்டு வைத்திருந்த கூடையில் நின்றது. அளவு சரி, கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த பின்னல். அது விற்பனைக்கில்லை என்றார் பெண். எவர் செய்தாலும் முதலில் கூட்டுறவின் அங்கத்தவர்கள் சிலர் பார்ப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் விற்பனைத் தட்டுக்கு ஏறும். இது வசந்தத்தில் அவர்கள் ஒப்பாமல் திரும்பி வந்தது.

ராணி தமிழுக்கு மாறினார். "உதில என்ன பிழை கிடக்கு? பூவைப் போட்டு மூடினா ஆருக்குத் தெரியும்?"

பெண் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, கூடையை மேசையில் வைத்து விளிம்பை ஒரு விரலால் தொட்டார். அடி சரியாகப் படியாமல் கூடை மெல்ல ஆடி நின்றது. ராணி நூறு டொலர் என்றார். பெண் தலையசைத்து மறுத்தார். அடுத்ததைத் தொடங்கிவிட்டாராம்.

நிரோ கையிலிருந்த கீற்றைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, அது ரெடி இல்லை. டான்ஸ் ரீச்சரும் என்னைப் பற்றி அதைத்தானே சொன்னவ."

"எப்ப சொன்னவ?" என்றார் தவம்.

"மே மாசம். இன்னும் ஒரு வருசம் பழகட்டாம் எண்டு. அம்மாட்டச் சொன்னவ."

"ஹோலுக்குக் காசு கட்டினது ஜூனிலயெல்லோ," என்றார் தவம் ராணியிடம்.

ராணி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு பேருக்குச் சொல்லிப்போட்டம்," என்றார்.

தவம் விற்பனைத் தட்டுப் பக்கம் போனார். உள்ளங்கை அளவுக் கூடை ஒன்றை வாங்கினார். ஆற்றங்கரையில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்; தவம் நின்றபடியே சாப்பிட்டார்.

பிற்பகல் 3.40. ரெனசியில் நெடுஞ்சாலை ஓய்விடம். ராணி தவத்திடம் ரெலிபோன் கார்ட்டை வாங்கிக்கொண்டு பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனார். இரண்டு அழைப்புகள், முதலாவது நீண்டது. நாங்கள் வானுக்குள் இருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். ராணி வந்து முன் இருக்கையில் ஏறிப் பட்டியைப் போட்டார்.

"ஹோலை வேண்டாமெண்டு விட்டாச்சு. இனிச் சனிக்கிழமையும் வகுப்புக்கு வரட்டாம் எண்டு ரீச்சர் சொன்னவ."

"எத்தினை மணிக்கு?" என்றாள் நிரோ.

"பத்துக்கு. பிந்தாமப் போகவேணும்."

ஒக்ரோபரில், அரங்கேற்றத்துக்குக் குறித்திருந்த அதே சனிக்கிழமை அந்த மண்டபத்தில் ஒரு கலியாணம் நடந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அழைப்பு வந்திருந்தது. நிரோ வரவில்லை, அவளுக்கு வகுப்பு இருந்தது.