மஞ்சள் குடித்த பிரிண்டர்

வீட்டில் பிரிண்டர் வைத்துப் பிழைப்பது, பால் மறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவது மாதிரி. எந்த இடத்தில் குடிக்கக் கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னைப் போல அந்த மெஷினுக்கு மை ஊற்றி ஊற்றி விரல் கறுத்துப்போன அக்கா தங்கச்சிமாருக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நாங்கள் இருப்பது கரவனெல்லப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது, அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் ஒரு கடையில் நிற்கும் அவருடைய அண்ணன், கடைக்குப் புதுக் கம்பியூட்டர் வந்ததும் பழையதையும் ஒரு சின்ன பிரிண்டரையும் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். எனக்கு டைப் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவிசாவளையில் கார்மென்ட் வேலைக்குப் போன காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் டைப் அடித்துக் கொடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து பழகியது. லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுத் தொழிலைத் தொடங்கினேன்.

பிரிண்டர் சும்மா வந்தது. மை சும்மா வரவில்லை. முதல் காட்ரிஜ் தீர்ந்து புதுசு வாங்கிய அன்றைக்கு அவர் பில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன் புள்ள. அதுக்குள்ள இது தன்னோட மையைத் தானே சம்பாரிக்கணும். இல்லாட்டி இதை வித்துட்டு நீ பழையபடி கார்மென்டுக்குப் போ. பாப்பாவைப் பிள்ளைக்காம்பராவுல விடுவோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். கார்மென்டுக்குப் போனால் போர்டிங்கில் தங்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. நான் பீலிக்குக் குளிக்கப் போனாலே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆகவே அன்றிலிருந்து மையை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தேன்.

மெஷினுக்கு ஊசி

கறுப்பு மையைப் போத்தலில் வாங்கிப் பழைய காட்ரிஜிலேயே ஊசியால் ஏற்றலாம் என்று அவிசாவளைக் கடையில் சொல்லித் தந்தார்கள். புது காட்ரிஜோடு பார்த்தால் போத்தல் கொள்ளை மலிவு. அவசரப்படாமல் துளித்துளியாக ஏற்ற வேண்டும், அடியில் பழைய பேப்பர் விரிக்க வேண்டும், ஏற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் காட்ரிஜின் வாயைத் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். போத்தல் வாங்கிவிட்டேன், ஊசிக்கு எங்கே போவது? டவுனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபாமசி. அதன் முதலாளி வயதான முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா.

"டொக்டர் துண்டு கொண்டாந்தீங்களா மகள்?" என்றார். இல்லை என்றேன். "நோயாளி ஆரு?" என்றார். பின்னால் நின்ற சனமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டது. "வீட்டுல இருக்கிற பிரிண்டர் மெஷினுக்கு நானா, மை ஏத்தணும்" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று கேட்டார். "பத்து நாளைக்கு ஒருக்கா." "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" நானும் விடவில்லை. "வெறும் வயித்துல நானா." அவர் ஊசியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"அப்ப சீனி வருத்தம்தான் மகள், இனி ஆயுசுக்கும் குத்தணும்."

லேசான காய்ச்சல்

இப்போதெல்லாம் மரண அறிவித்தல் வந்தால் ஒன்றே ஒன்றுதான் அடிப்பேன். மீதியை டவுனில் போட்டோகொப்பி எடுக்கச் சொல்லிவிடுவேன். தடித்த கறுப்புக் கரையை அடிக்கிற செலவு அவர்கள் மெஷினுக்குப் போகட்டும். இந்தப் புத்தி வருவதற்கு முன் நான் வேறொரு புத்தியைப் பாவித்தேன். நாலு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு வைப்பதற்குப் பதிலாக, கோலக்கம்பி மாதிரி மெல்லிய ஒற்றைக் கோடு. எழுத்தும் மெல்லிய எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கு.

தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு பெரியவர் தவறிப்போனார். அவருடைய தம்பி, அழுது கண் சிவந்த மனிதர், தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெல்லிய கரையை விரலால் தடவினார். துக்க வீட்டுக்காரரிடம் மையின் விலையைப் பேச முடியுமா? தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்னாம்மா இது, எங்க அண்ணன் செத்த மாதிரியா இருக்கு? லேசா காய்ச்சல் கண்ட மாதிரியில்ல இருக்கு."

சாயம்

பிரிண்டரில் மங்கலாக அடிக்கிற ஒரு முறை இருக்கிறது. பாதி மைதான் செலவாகும். பிழை திருத்துகிற முதல் பிரதிக்கு அது போதும். மை தீரப்போகிறது என்று கம்பியூட்டர் மிரட்டினாலும் பயப்படாதீர்கள். அது சொன்ன பிறகும் கனக்க அடிக்கலாம், எழுத்தில் வெள்ளைக் கோடு விழும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு ஆசை அடங்கவில்லை. கொழும்பில் கடை வேலைக்கு எழுதிப்போட வந்த ஒரு தம்பிக்கு, அவன் படித்த படிப்பு, ஊர், விலாசம் எல்லாவற்றையும் மங்கலிலேயே அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். அவன் தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான், தூரத்தில் பிடித்தான், பிறகு மரியாதையாக மேசையில் வைத்தான்.

"அக்கா, இது ரெண்டாந்தடவை தண்ணி ஊத்துன தேயிலைச் சாயமாட்டம் இருக்கு, முதல் சாயத்துல ஒண்ணு குடுங்க."

பொட்டு

மை ஏற்றி முடித்தால் ஊசியின் நுனியில் ஒரு துளி தங்கும். அதைக் கழுவி ஊற்ற என் மாமியாருக்கு மனசு வரவில்லை. "மிச்சம் பிடிக்கிறதுன்னா எல்லாத்திலயும் பிடிக்கணும்" என்று சொல்லி, நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துப் பாப்பாவின் கன்னத்தில் அந்தத் துளியால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். சாயங்காலம் குளிப்பாட்டினேன், போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டேன், கடலை மா போட்டேன், கன்னம்தான் சிவந்தது. அந்த வாரம்தான் பிள்ளையின் நிறை பார்க்க மிட்வைஃப் நோனா லயத்துக்கு வருகிற வாரம். அவர் சிங்களம், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். மச்சமா, புண்ணா என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மாமியார் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

"அனே, கடைசியில பிள்ளையையும் பிரிண்ட் அடிச்சாச்சா!"

மாப்பிள்ளையின் பெயர்

கல்யாணக் கார்டு என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தானே கொடுப்போம். அச்சகத்துக் கார்டு அதைத் தாங்கும். பிரிண்டர் மை தண்ணீர் பட்டால் ஓடும். இது எனக்குத் தெரியும், கார்டு வாங்கிப் போன பெண்ணின் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அது போதாதென்று அட்டையை மிச்சம் பிடிக்க ஒரு தாளில் இரண்டு கார்டாக நெருக்கி அடித்திருந்தேன். அதனால் மாப்பிள்ளையின் பெயர் ஒரு மூலைக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போன அந்த அப்பா, கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நல்ல மனசோடு நிறையவே தடவியிருக்கிறார். மறுநாள் காலையில் பத்துப் பன்னிரண்டு கார்டோடு வாசலில் நின்றார்.

கெட்டதைத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். தண்ணீர் தொடாமல் வெறும் மஞ்சள் தூளை விரலால் தேய்க்கச் சொன்னேன். அத்தோடு ஒரு முடிவும் எடுத்தேன். இனி நாலு மூலைக்கும் மஞ்சளை நானே பிரிண்டரில் அடித்துவிடுவது, யாரும் கிண்ணத்தைத் தொடத் தேவையில்லை. சனத்துக்கும் அது பிடித்துப்போனது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. பெண்ணின் அப்பா மட்டும் அன்றைக்கே மனசைத் தேற்றிக்கொண்டு போனார்.

"எம்புள்ள பேரு தப்பிச்சிருச்சும்மா, மாப்பிள்ளை பேரைத்தான் மஞ்சள் தின்னுருச்சு."

நாவல்பழ முகம்

கலர் காட்ரிஜ் ஒரு பெட்டிக்குள் மூன்று அறை. மஞ்சள், சிவப்பு, நீலம். ஒன்று தீர்ந்தால் மற்ற இரண்டும் நிறைந்திருந்தாலும் பெட்டி குப்பைக்குத்தான். ஊசியால் நிரப்பலாமே என்பீர்கள். ஒரு தடவை நிரப்பப் போய் மூன்றும் கலந்து, பிள்ளையார் படம் பாசி பிடித்த மாதிரி வந்தது. அதோடு கறுப்புக்கு மட்டும்தான் ஊசி. கார்டு கார்டாக நாலு மூலைக்கும் மஞ்சள் அடித்ததில், தீபாவளிக்கு முந்தின மாதம் மஞ்சள் அறை வற்றிவிட்டது. எனக்கு அது தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வி அக்கா வந்தார். என் வீட்டுக்காரரோடு பால் வெட்டுகிறவர், மகள் பெரிய பிள்ளையாகி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு வைத்திருந்தார். கித்துல்கல, றக்வான என்று ஊர் ஊராகச் சொந்தம் பரவிக் கிடக்கிறது. நான் அதுவரைக்கும் கண்ட வேலைகளில் அதுதான் பெரியது. அது கைக்கு வந்தால் மைக்காசு போக மிச்சமும் நிற்கும், தீபாவளிக் கெடுவும் தாண்டிவிடும். முன்பணமும் கொடுத்தார், ஸ்டூடியோவில் மகளுடைய படத்தைச் சீடியில் போட்டும் கொண்டுவந்தார். மஞ்சள் சேலையில் பிள்ளை அழகாக இருந்தாள். முதல் கார்டு வெளியே வந்தது. மூலைகள் வெறும் வெள்ளை. சேலை வெளிறிக் கிடந்தது. முகம் ஊதா.

புது காட்ரிஜுக்கு அவிசாவளைக்குத்தான் போக வேண்டும். ஆறு பெருகி அவிசாவளை ரோட்டில் ஏறியிருந்தது, இரண்டு நாளாகப் பஸ் இல்லை. மழையில் வேலை இல்லாமல் என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கார்மென்டில் ஒரு இடம் இருக்கிறது, தீபாவளி முடிந்ததும் வரச் சொல் என்று என் பழைய கூட்டாளி சொல்லியனுப்பியிருந்தது இரண்டு பேருக்கும் தெரியும். நான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி அக்கா கார்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்னாடி இது, எம்புள்ள மூஞ்சியெல்லாம் நாவல்பழம் அப்பின மாதிரி!"

அத்தைமார்

செல்வி அக்காவோடு அவருடைய நாத்தனாரும் வந்திருந்தார், பெரிய பிள்ளையான பிள்ளைக்குச் சொந்த அத்தை. கார்டை வாங்கிப் பார்த்தவர், "கறுப்பு இருக்கா?" என்று கேட்டார். கறுப்பு போத்தலில் பாதி இருந்தது. "அப்ப மூஞ்சியை விடு. கும்பமும் வாழைமரமும் கோட்டுல போடு. எழுத்தெல்லாம் நடுவுல இருக்கட்டும்" என்றார். நான் மெல்லிய கோட்டில் ஒரு கும்பம், இரண்டு வாழைமரம் வைத்து, எழுத்தை மூலைகளிலிருந்து தள்ளி வைத்து அடித்துக் காட்டினேன். செல்வி அக்காவின் முகம் தெளியவில்லை. "வெறும் கறுப்புல குடுத்தா சாவுச் சேதின்னு நினைச்சுர மாட்டாங்களா?" என்றார்.

அத்தை மழையில் இறங்கிப் போனார். லயத்துக்குப் பின்னால் தோட்டத்தில் ஒரு பச்சை மஞ்சள் கிழங்கைப் பிடுங்கிக் கழுவி, முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிழங்கைப் பாதியாக ஒடித்தார். ஒடிந்த பக்கத்தைக் கார்டின் மூலையில் ஒரு இழுப்பு. என் பிரிண்டர் ஒரு நாளும் அடிக்காத மஞ்சள், வாசமும் சேர்த்து. கும்பத்துக்கும் உள்ளே தேய்த்தார். அவ்வளவுதான், ஒரு மணித்தியாலத்தில் சொந்தக்காரப் பெண்கள் என் காம்பரா நிறைய உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடிக்க அடிக்க அவர்கள் தேய்த்தார்கள். யார் மூலை கோணல் என்று ஒரே கேலி. பாப்பாவும் ஒரு துண்டுக் கிழங்கோடு சுவரெல்லாம் தேய்த்தாள். நான்தான் நன்றி சொல்லத் தெரியாமல், "மெஷினால ஏலாமப் போச்சே அத்தை" என்றேன்.

"அதைச் சும்மா கிடக்கச் சொல்லு புள்ள, மஞ்சள் பூச எங்க வீட்டுல அத்தைமாருக்கா பஞ்சம்?"

மூன்று கலர்

தண்ணீர் வடிந்து, பஸ்ஸும் ஓடி, சடங்கு நடந்தது. வந்தவர்கள் கார்டை மோந்து பார்த்துக் கதைத்தார்களாம். அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் 'அந்த வாச மஞ்சள் கார்டு' கேட்டு ஆள் வந்தது. எனக்குச் செலவு கறுப்பு மட்டும், மஞ்சளை அவர்களே கொண்டுவந்து அவர்களே தேய்த்துக்கொண்டார்கள். ஆனாலும் என் வீட்டுக்காரர் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி கிட்டே வந்ததும், கார்டுக் காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தீபாவளிச் சாமான் எடுக்க அவிசாவளைக்குப் போனார். அவிசாவளையில்தான் கார்மென்டும் இருக்கிறது. அன்றைக்கு முழுக்க பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தேன்.

பொழுதுபட வந்து பையை வைத்தார். பாப்பாவுக்கு ஒரு சட்டை, ரிப்பன் வைத்தது. மாமியாருக்கு வெற்றிலை. அடியில் ஒரு சின்னப் பெட்டி. பிரித்தேன். புது கலர் காட்ரிஜ். நான் அவரைப் பார்த்தேன். அவர் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"உனக்குப் பார்த்த சேலையெல்லாம் ரெண்டு கலருதான் புள்ள, இதுல மூணு கலர் இருக்குன்னு கடைக்காரன் சொன்னான்."

இவ்வளவு பாடுபட்டு மையில் என்ன மிச்சம் பிடித்தாய் என்று யாராவது கேட்டால் சொல்கிறேன்: அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுசு போட்டது பாப்பாவும் பிரிண்டரும் மட்டும்தான்.