வை ஆற்றங்கரையில் பதினேழு வாளி மண்

இதை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

ஒன்ராறியோவில் மிட்லண்ட் பக்கம், வை என்ற ஆற்றின் கரையில், யேசுசபைக் குருக்கள் இந்த நாட்டில் முதன்முதலாகக் கட்டிய சிற்றாலயங்களில் ஒன்றின் அத்திவாரத்தைத் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், போய்ப் பார்க்கவேண்டும் என்று என் மனைவி ஜெசி ஒற்றைக்காலில் நின்றாள். யூலையில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மல்வேர்னில் உள்ள வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, 401, 400 நெடுஞ்சாலைகளில் 160 கிலோமீற்றர் ஓடி, ஒன்பதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். போகவரப் பெற்றோல் நாற்பது டொலர்.

குழி மூன்று பனை ஆழம். எட்டிப் பார்த்தபோது அடியில் யாரோ யாழ்ப்பாணத்தில் உடுப்புக் காயப்போடுவது தெரிந்தது. கயிறு கட்டிய எல்லையோரம், சலிப்பதற்கு மண் நிரப்பிய பதினேழு வாளிகள் இலக்கமிட்டு வரிசையாக இருந்தன. புனித இடத்து மண்ணை நெற்றியில் பூசி, கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துவருவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஜெசி கயிற்றுக்கு மேலால் குனிந்து குனிந்து எடுத்தாள். நான் காவல்.

பதினொரு மணிக்கு ஆற்றோரம் இடியப்பப் பார்சலைப் பிரித்தபோது கழுத்தைத் தடவினாள்.

“இஞ்சேருங்கோ, கொடி கிடக்கு. தாலியைக் காணேல்லை!”

கொழுவியிருந்த வளையம் தேய்ந்து கழன்றிருந்தது. முப்பத்தொரு வருடம். ஒப்பரேசனுக்குக்கூடக் கழற்றமாட்டேன் என்று டொக்டரோடு சண்டைபிடித்த, கத்தோலிக்க வழக்கப்படி புறா பொறித்த தாலி.

அகழ்வுக்குப் பொறுப்பான டிலானியிடம் ஓடினோம். மல்வேர்னுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்து தொல்லியல் படித்தவள்.

“அன்ரி, எந்த வாளியில கை வைச்சனீங்கள்?”

“எல்லாத்திலயும் ஒவ்வொரு சிட்டிகை, பிள்ளை. எதில ஆசீர்வாதம் கூடவெண்டு தெரியாதே.”

“ஓ மை கோட், அன்ரி!”

நான் வாளிக்குள் கையை விடப்போனேன்.

“அங்கிள், ஸ்ரொப்! கிளறாதேங்கோ. ஒவ்வொண்டாச் சலிப்பம்.”

இரண்டு மணித்தியாலம் சலித்தோம். ஆணி வந்தது, பாசிமணி வந்தது, மீன்முள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் டிலானி துள்ளினாள். ஜெசியின் முகம் இன்னும் வாடியது. பதினாறாவது வாளியில், சல்லடை வலைமேல், புறா பொறித்த பொன்துண்டு மின்னியது. அந்த வெளிச்சத்தில் ஒன்ராறியோ முழுவதற்கும் அந்த மாதம் கரண்ட் பில் குறைந்ததாம்.

“அன்ரி, உதுக்கும் நம்பர் போட்டு மியூசியத்துக்கு அனுப்பவோ?” என்றாள் டிலானி.

“தாலியைத் தாரும் பிள்ளை. பழைய சாமான் வேணுமெண்டா இவரை வைச்சிரும்.”

பிறகுதான் ஆற்றோரம் திரும்பினோம். ஆறிப்போன இடியப்பத்தை அதுபோல ருசித்து ஒருநாளும் தின்றதில்லை.

போகிறவர்களுக்கு: ஒன்பதுக்கு முன் போனால் காரை நிழலில் விடலாம். நுளம்பு கடிக்காமலிருக்க மருந்து பூசுங்கள். அகழ்வு மண்ணில் சிட்டிகைகூட எடுக்காதீர்கள். எந்த அடுக்கிலிருந்து எது வந்தது என்பதுதான் அவர்களின் முழு வேலையும். கேட்டால், சலித்து முடித்த மண்ணில் கொஞ்சம் தரலாமா என்று அவர்களே சொல்வார்கள். தாலி வளையத்தை முதலே நகைக்கடையில் காட்டுங்கள்.

குழி முழங்கால் ஆழம்தான். கரண்ட் பில்லும் குறையவில்லை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் நான் ஒரு புளுகோ பகிடியோ விடவில்லை. அது மட்டும் உண்மை. ஜெசியைக் கேட்டுப்பாருங்கள்.