கியர் மாற்றும்போது கனத்த ஸ்டீரிங்

கோவிந்தன் அண்ணனின் பிக்கப் முதன்முதலில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அதன் முன் சக்கரங்களில் வாய்க்கால் சேறு அப்பியிருந்தது. தோட்டத்து வளைவில் ஸ்டீரிங் திரும்பவில்லை, வண்டி நேராகப் போய்க் கரையில் நின்றுவிட்டது என்றார். இன்னும் ஓரடி போயிருந்தால் பின்னால் ஏற்றியிருந்த செம்பனைப் பழக் குலைகளோடு அவரும் தண்ணீருக்குள் இருந்திருப்பார்.

புக்கிட் ரோத்தானில் நான் தனி ஆளாக நடத்தும் கடை இது. பழுது பார்க்கும் ஃபோர்மனும் நான்தான், கடையைக் கூட்டுகிறவனும் நான்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் அப்படித்தான். கோவிந்தன் அண்ணனுக்கும் அதே கதை. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளை ஒட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். சிறுதோட்டக்காரர்களின் பழத்தை எடைபோடும் இடத்துக்கு ஏற்றிப்போவது அவர் வேலை. ஜொகூரில் இருக்கும் மகன் பிக்கப்பை விற்றுவிட்டுத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான்.

“வண்டி இருந்தாத்தான் தம்பி நான் அங்க இருக்க முடியும். தோட்டத்துக்குள்ள பஸ்சா வருது? இத மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு லா” என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். உள்ளே ஏற்றுவது, டெஸ்ட் ஓட்டுவது எல்லாம் ஃபோர்மன் வேலை. ஓனரை ஓட்டவிட்டால் அவர் புலம்பலில் வண்டியின் சத்தம் காதில் விழாது என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்த சீன முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் அதை வேதவாக்காக வைத்திருந்தேன்.

முதல் தடவை பழுது உண்மையிலேயே இருந்தது. பவர் ஸ்டீரிங் ஆயில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, ரிட்டன் ஹோஸில் கசிவு. ஹோஸை மாற்றி, ஆயில் ஊற்றி, ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்.

“இன்னும் கனமா இருக்கு தம்பி.”

“எப்பண்ணே கனமா இருக்கு? நிக்கறப்பவா, ஓடறப்பவா?”

“கியர் மாத்தறப்பதான்.”

எனக்கு அது போதும். கியர் மாற்ற ஆக்சிலேட்டரை விடும்போது எஞ்சின் சுற்று குறையும், பம்ப்பின் அழுத்தமும் குறையும். பம்ப் பலவீனமாக இருந்தால் அந்த நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். பாடப்புத்தகத்தில் வருவது மாதிரியான அறிகுறி என்று எனக்குள் ஒரே பெருமை. பெல்ட்டைப் பார்த்தேன், பளபளவென்று தேய்ந்திருந்தது. மாற்றினேன். மறுபடி வந்தார். பம்ப்பையே மாற்றினேன்.

பம்ப் மாற்றிய அன்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் பசியாறினோம். அண்ணன் கடைக்கார பாயிடம் கரண்டி கேட்டு வாங்கி ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டித் தின்றார்.

“என்னாண்ணே, துரை ஆயிட்டீங்களா?” என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

நான்காவது தடவை வந்தபோது முன் மட்கார்டு நசுங்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது நான் வேறொரு காரின் அடியில் கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

“அண்ணே, நான் மாத்த வேண்டியதெல்லாம் மாத்திட்டேன். கேஜ் போட்டுப் பிரஷர் பாத்துட்டேன். டயர், பால் ஜாயின்ட் எல்லாம் பாத்துட்டேன். வண்டியில ஒன்னும் இல்ல. சும்மா சும்மா வந்து என் உயிர எடுக்காதீங்க. நீங்களே உள்ள கொண்டாந்து நிறுத்துங்க, என்னால எந்திரிக்க முடியாது!”

அன்றுதான் முதன்முறையாக அவர் ஓட்டுவதைப் பார்த்தேன், அதுவும் தரையில் படுத்தபடி. டிரைவர் பக்கக் கதவு சரியாகச் சாத்தாமல் திறந்து கிடக்க, பிக்கப் வாசலில் திரும்பியது. இடது கை கியர் கம்பிக்குப் போன நொடியில் ஸ்டீரிங்கில் இருந்த வலது கை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. வண்டி தூணை நோக்கி வந்தது. இடது கை பதறிக்கொண்டு வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தது. பிரேக் அடித்து நிறுத்தினார்.

கியர்பாக்ஸுக்கு ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

“அண்ணே, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க.”

நீட்டினார். இடது கை நின்றது. வலது கை மெதுவாகத் தாழ்ந்து மடியில் விழுந்தது. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அவரோடு ஒரே வீட்டில் யாராவது இருந்திருந்தால் முதல் நாளே என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். ரொட்டியைப் பிய்க்கக் கை வராமல் கரண்டி கேட்ட மனிதரைத் துரை என்று கிண்டல் செய்தவன் நான்.

“எத்தன நாளா?”

“தூங்கி எந்திரிச்சப்ப ஒரு நாள் மரத்துப்போன மாதிரி இருந்துச்சு. சரியாப் போயிடும்னு நெனச்சேன்” என்றவர் என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “தம்பி, வண்டிக்கு என்னாச்சுன்னு கேட்டு பையன் உனக்குப் போன் பண்ணுவான். பம்ப்பு மறுபடி போயிடுச்சுன்னு சொல்லிடு. கைய பத்திச் சொல்லாத. சொன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்.”

நான் அவரை என் காரில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். லேசான பக்கவாதம், வந்து சில வாரம் ஆகியிருக்கும், அடுத்தது பெரிதாக வந்திருக்கலாம் என்றார் டாக்டர். மகன் போன் செய்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். என் பிசகையும் சேர்த்துத்தான்.

மகனிடம் சொல்லிவிட்டதை வார்டில் போய்ச் சொன்னபோது அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஸ்டீரிங்க பாக்கற ஆளு. அதோட விட்டிருக்கலாம் லா” என்றார்.

மகன் வந்து அழைத்துப்போனான். வீட்டைப் பூட்டினார்கள், பிக்கப்பையும் விற்றுவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பையனே போன் செய்தான். “அப்பா இப்ப நல்லா நடக்கறாரு அங்கிள். கையும் தேறுது. இருங்க, அப்பாகிட்ட தரேன்” என்றான். பின்னால் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “வேணாம்” என்றார். பையன் சங்கடப்பட்டு ஏதோ சொல்லிச் சமாளித்தான். நானும் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று வேலை எதுவும் இல்லை.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது எனக்கு எவ்வளவு பெரிய துணை என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டீரிங் கனக்கிறது என்று யார் வந்தாலும் பானட்டைத் திறக்கும் முன் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். ஒரு சுற்று போய்வாருங்கள். அவர் கையைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். கேஜ் அதற்குப் பிறகு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

போன வாரம் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்துக் கடை பாயிடம் போய், “பாய், அஞ்சு நிமிஷம் என்னோட கார்ல வாங்க” என்றேன்.

“எங்க போறோம்?”

“எங்கயும் இல்ல பாய். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் கை, முகம் எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க.”