பேட்டரிக்கு வைத்த பொட்டு

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, என் கணவரிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. ஒரு ஜனவரிக் காலை, குளிரில் பேட்டரி இறங்கி வண்டி கிளம்பவில்லை. மகளுக்கோ பரீட்சை.

பக்கத்து வீட்டு சர்மாஜி தன் காரை எதிரே நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிளை எடுத்துவந்து, அதன் ஒரு முனையைத் தன் காரில் மாட்டினார். "ஜல்தி, பையா!" சீக்கிரம் என்று என் கணவரை அவசரப்படுத்தினார்.

எங்கள் பேட்டரியில் பிளஸ், மைனஸ் குறி எதுவும் தெரியவில்லை, ஒரே அழுக்கு. "இதோ, சிவப்பா அடையாளம் இருக்கே! இதுதான் பிளஸ்!" என்று என் கணவர் சிவப்பு கிளிப்பை அதில் மாட்டினார். கறுப்பு கிளிப்போடு குனிந்தார். அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ, மாட்டாதீங்க! அது ஆயுத பூஜைக்கு நான் வச்ச குங்குமம்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. சர்மாஜி சிவப்பு கிளிப்பைக் கழற்றிவிட்டுத் துணியால் துடைத்தார். குங்குமத்துக்கு அடியில் மைனஸ் குறி. கறுப்பையும் மாட்டியிருந்தால் பேட்டரி வெடித்து, ஆசிட் என் கணவர் முகத்தில் தெறித்திருக்கும் என்றார் சர்மாஜி.

பூஜையன்று கைக்கு எட்டிய பக்கம் வைத்த பொட்டு அது. இப்போதும் பேட்டரிக்குப் பொட்டு வைக்கிறேன். ஆனால் பிளஸ் எதுவென்று என் கணவரைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அதற்கு மட்டும்தான்.