சபியா துடைத்த கோடு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் சபியாவுக்கு வேலை, கம்ப்யூட்டரில் படங்களைத் துடைப்பது. மீனாட்சியின் மூக்குத்தி ஓரத்தில் தூசி, முருகன் வேலில் கீறல் என்று இருபத்திரண்டு வருடமாகச் சாமிகளுக்கெல்லாம் முகம் துடைத்துவிடுவது, ஐந்து வேளைத் தொழுகை தவறாத இந்தப் பெண்தான். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு புள்ளிகூடத் தப்ப முடியாது. அந்தப் பேர்தான் அவளுடைய சொத்து.

இந்தச் சீசனில் அரபு நாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் ஆர்டர் வந்தது. மாதத்துக்கு ஒரு பழைய வாத்தியம். மார்ச்சுக்கு ரபாபா: இருபுறமும் தோல் போர்த்திய மரச்சட்டம், நடுவே நீளக் கம்பு, பக்கத்தில் ஒரு வில். தோலின் மேல் நெடுக மங்கலாய் ஒரு கோடு. எடுத்த எடுப்பிலேயே அதைக் கீறல் என்று துடைத்துவிட்டாள். மாதிரித் தாளைப் பார்த்து அருங்காட்சியக அதிகாரியும் சரி என்று எழுதிவிட்டார். தேதியை மட்டும் பார்த்தார் போல, மகராசன்!

அச்சு ஓடத் தொடங்கிய மத்தியானம். அந்தப் பெட்டி எப்படித்தான் பாடும் என்று, சாப்பிட்டுக்கொண்டே சபியா போனில் தேடினாள். ஒரு கிழவர் வில்லை இழுத்தார். யா அல்லாஹ்! அது அழுதது, கெஞ்சியது, அடுத்த நொடியே அதட்டியது. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது. எத்தனை தந்தி என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்று. முறுக்கிய குதிரை முடியில் ஒன்றே ஒன்று.

அவள் துடைத்துக் கொடுத்த பக்கத்தில் அதுவும் இல்லை.

பேசாமல் சோற்றைத் தின்றிருந்தால் பேர் தப்பியிருக்கும். அங்கேதான் சரி சொல்லியாயிற்றே. ஆனால் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போனால்தானே? கையைக்கூடக் கழுவாமல் அச்சு மிஷின் பக்கம் ஓடினாள்.

"ஏலே முத்துப்பாண்டி, மிஷினை நிறுத்துலே!"

இரைச்சல் அடங்கியதும் முதலாளி பாண்டிச்செல்வம் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்துனீக? எம்புட்டுத் தாளு ஓடிருச்சு தெரியுமா?"

சபியா போனை நீட்டிப் பாட்டை ஓடவிட்டாள். மை துடைக்கும் துணியோடு முத்துப்பாண்டி அப்படியே நின்றுவிட்டான். முதலாளியின் கோபம் எங்கே போனதோ, குனிந்து திரையையே பார்த்தார்.

"இம்புட்டும் இந்த ஒத்தத் தந்தியிலயாம்மா வருது?"

"ஆமா அண்ணாச்சி. அதத்தான் நான் கீறல்னு துடைச்சுப்புட்டேன்."