டிங்கர் காது

என் வீட்டுக்காரர் நெளிந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்ப்பார். கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், தலையைச் சாய்ப்பார், "உள்ளே பழைய ஒட்டு இருக்கு" என்பார். பெயிண்டைச் சுரண்டினால் இருக்கும். முப்பத்து மூன்று வருஷம் டிங்கர் வேலை. வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் எவ்வளவு தண்ணீர் என்று சொல்வார். மூடியைத் திறந்து பார்க்கலாமே என்றால், "திறந்து பாக்குறதுக்கு எதுக்கு டிங்கர்?" என்பார்.

நான் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் பந்து கழுவும் வேலையில் இருக்கிறேன். புல்லில் பொறுக்கிய பந்துகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, துடைத்து, வகை வாரியாகக் கூடையில் போட வேண்டும். கை தேய்த்துக்கொண்டிருக்கும், வாய்க்குள் துதி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வேலை எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை.

பத்து வருஷம் முன்னால் மைதானத்தில் பந்து பொறுக்கும் வண்டியின் கூண்டு நசுங்கிப் போனது. சரிசெய்ய இவரை அழைத்துப் போனேன். கூண்டைத் தட்டி நிமிர்த்தியவர், சும்மா கிடந்த மட்டையை எடுத்து ஒரு பந்தையும் தட்டினார். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மனுஷன் அந்தச் சத்தத்தில் விழுந்துவிட்டார். திங்கட்கிழமைகளில் மைதானம் வேலைக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் விடப்படும். அன்றிலிருந்து திங்கட்கிழமை என்றால் அவருக்குக் கோல்ஃப்தான்.

கூட வருபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒல்லி உடம்பு, நிதானமான வீச்சு. இவர் அவரைத் தந்தி என்பார், அவர் இவரை டிங்கர் என்பார். இருவருக்கும் சண்டை பந்தில்தான் தொடங்கும்.

பந்து வெளியே பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே அப்படியில்லை. ஒவ்வொரு வகைக்கும் இறுக்கத்தைச் சொல்லும் ஓர் எண் உண்டு. எங்கள் கழுவும் அறைச் சுவரில் அந்த அட்டவணை ஒட்டியிருக்கிறது. நூறு, தொண்ணூறு என்றால் கல் மாதிரி இறுகிய பந்து. ஐம்பது, நாற்பது என்றால் மெத்தென்றது. மட்டை படும் கணத்தில் பந்து கொஞ்சம் நசுங்கி, திரும்ப விரிந்து பாய வேண்டும். வேகமாக வீசுகிறவர் இறுகிய பந்தையும் நசுக்கிவிடுவார். வீச்சு மெதுவானவருக்கு அது நசுங்காது, அடி கைக்கே திரும்பி வரும். அவருக்கு மெத்தென்ற பந்துதான் கையில் நிற்கும், சில அடி தூரமும் கூடக் கிடைக்கலாம். இது பயிற்சியாளர் அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் காதிலும் ஏறியது.

தந்தி அண்ணன் ஐம்பதுதான் அடிப்பார். இவர் நூறு. "என்னய்யா இது, தலகாணியத் தட்டுற மாதிரி தொப்புன்னு ஒரு சத்தம்? இதுக்குப் பேரு அடியா?" என்று இவர் கேட்பார். "சத்தம் உனக்கு, தூரம் எனக்கு. போவியா" என்பார் அவர். உண்மையில் தூரமும் இவருக்குத்தான். ஏழாம் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. இவர் பந்து அதைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழும்.

போன வருஷம் இவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். ஆண்டவன் திருப்பிக் கொடுத்தார். பட்டறையை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். இவரோ சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்க போறதுக்கு நடக்கணும்? போற இடம் இல்லாம நடக்க நான் என்ன கடிகார முள்ளா?" என்றார். திங்கட்கிழமை ஒன்றுக்குத்தான் எழுந்தார். அந்த மைதானம் அவரை ஐந்து மைல் நடக்க வைத்தது.

ஆனால் கை பழைய கை இல்லை. பந்து ஒவ்வொரு வாரமும் குளத்தில் விழுந்தது. ஏழெட்டு வாரம் பொறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னார்: "நாளைக்குத் தாண்டலைன்னா மட்டையத் தந்திகிட்ட குடுத்துடுறேன். போதும்."

மட்டை போனால் அந்த நாற்காலிதான் மிச்சம். அந்த நாற்காலி அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"ஐம்பது ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன்" என்றேன்.

"நெஞ்சத்தான் அறுத்தாங்க, காத அறுக்கல" என்றார்.

அவர் படுத்திருந்தபோது ஆண்டவனிடம் வழி கேட்டேன். ஆண்டவன் பதில் சொல்வதற்குள் நானே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். இவர் தன் பந்தில் மூன்று சிவப்புப் புள்ளி வைப்பார். வீட்டில் கிடந்த நல்ல ஐம்பது பந்து ஒன்றை, பட்டறையிலிருந்து வந்த பெயிண்ட் தின்னரால் அதன் மேலிருந்த எழுத்துப் போகத் துடைத்தேன். அதேபோல் மூன்று புள்ளி வைத்து அவர் பையில் மேலாகப் போட்டேன். அதன்பின் துதிக்கக் கண்ணை மூடி நின்றால் வாயில் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். மைதானத்தில் தந்தி அண்ணனிடமும் இவர் அந்தச் சபதத்தைச் சொல்லிவிட்டார். ஏழாம் குழி வந்தது. அடிக்கும் இடத்தின் ஓரத்தில் சிமெண்டுப் பலகை ஒன்று உண்டு. பந்தை அதில் ஒருமுறை போட்டுச் சத்தம் கேட்காமல் இவர் அடிக்கமாட்டார். அந்தப் பழக்கத்தை நான் எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

பந்தைப் போட்டார். தலையைச் சாய்த்தார். எடுத்துப் புள்ளியைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"யோவ் தந்தி, உன் பஞ்சுப் பந்த என் பையில போட்டியா?"

"நானா? எதுக்குப் போடறேன்?"

"என் புள்ளிய வேற வச்சிருக்க. ஜெயிக்கிறதுக்கு இப்படி ஒரு வழியா? இத்தன வருஷப் பழக்கத்துல இதான் மிச்சமா?"

"டிங்கர், வார்த்தைய அளந்து பேசு. என் பேரன் மேல சத்தியமா எனக்குத் தெரியாது." தந்தி அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

ஒரு பாவமும் அறியாத மனுஷன் என் பழியைச் சுமந்து நிற்கிறார்.

"அண்ணன விடுங்க. நான்தான் வச்சேன்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். "நீயா?"

"நிறுத்திட்டா மறுபடி நாற்காலியில போய் உக்காந்துடுவீங்க. அந்தப் பயத்துல பண்ணிட்டேன். தப்புதாங்க."

பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "புள்ளியெல்லாம் என்னோடத விட நேரா இருக்கு" என்றார். கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. தந்தி அண்ணனிடம், "மன்னிச்சுக்கய்யா" என்றார். "ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன், பரவாயில்லயா?" என்றார் அவர்.

இவர் பையிலிருந்து தன் நூறை எடுத்து அடித்தார். "டக்." எதிர்க் கரைக்குப் பதினைந்தடி முன்னால் தண்ணீர் தெறித்தது. மணிக்கட்டை உதறினார். பிறகு, என்ன நினைத்தாரோ, நான் வைத்த பந்தை வைத்து வீசினார். "தொப்." குளத்தில்தான் விழுந்தது. ஆனால் இன்னும் அந்தப் பக்கமாக, கரைக்கு ஐந்தடியில்.

"அதிர்ஷ்டம்" என்றார் தந்தி அண்ணன். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்ப உன்னோடத ஒண்ணு குடு."

இன்னொரு நூறு, இன்னொரு ஐம்பது. நூறு பழைய இடத்திலேயே விழுந்தது. ஐம்பது கரையோர நாணலுக்குள் போனது. தாண்டவில்லை.

நான் மட்டையைப் பார்த்தேன். அவர் அதைக் கொடுப்பதற்காக நீட்டுவாரோ என்று பயந்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூறுல சுத்தியல்தான் துள்ளுது, தகடு அசையல" என்றார் மெதுவாக. "இதுல தகடு அசையுது. மெல்லிசுத் தகட்டுக்கு நான் ரப்பர் சுத்தியலத்தான எடுப்பேன்? அதுவும் தொப்புன்னுதான் கேக்கும்."

"சரி, சபதம் என்னாச்சு? மட்டைய இப்படிக் குடு" என்று கையை நீட்டினார் தந்தி அண்ணன்.

"சபதம் அந்தப் பந்துக்குப் போட்டது. இது வேற பந்து. இன்னும் அஞ்சடிதான், போய்யா" என்று மட்டையைப் பையில் செருகிக்கொண்டு எட்டாம் குழியைப் பார்த்து நடந்தார்.

இப்போது தினமும் காலையில் பயிற்சிப் புல்வெளிக்கு நடந்தே வந்து நடந்தே போகிறார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. டாக்டர் கேட்டதைவிட அரை மணி கூடுதல். குளத்தை இன்னும் தாண்டவில்லை. போன வாரம் கரையில் பட்டு உருண்டு உள்ளே விழுந்தது. மைதானத்தில் கேட்டு வாங்கிவந்த ஐம்பதுகளைச் சமையலறைத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறார். தொப்பிலும் பத்து வகை இருக்கிறதாம்.

கழுவும் தொட்டியருகே என் துதி திரும்பி வந்துவிட்டது. சிவப்புப் பேனாவை மட்டும் என் கண்ணில் படாமல் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்.