இன்னாசிராஜ் நிறுத்திவைத்த ஆட்டம்

பக்கத்து வீட்டு சுரேஷ்குமாரின் கூச்சல் சுவரைத் தாண்டி வருவதற்குள் இன்னாசிராஜ் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுவிடுவார். அங்கே கிரிக்கெட் ஓடுகிறது. இங்கேயும் அதே ஆட்டம்தான். ஆனால் இங்கே பந்துவீச்சாளர் ஓடிவந்த வேகத்தில் ஒரு காலைத் தூக்கியபடி திரையில் அப்படியே நிற்கிறார். இன்னாசிராஜ் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறார். கொல்லைக் கதவைச் சாத்துகிறார். மனசு ஒரு நிலைக்கு வந்தபின் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்குகிறார். பந்துவீச்சாளரின் கால் தரையைத் தொடுகிறது.

பொன்மலையில் இருக்கும் அவர் வீட்டு டிவி எப்போதுமே ஊருக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். செட்டாப் பாக்ஸோடு ஒரு ஹார்டு டிஸ்க் சேர்த்திருக்கிறார். செய்தி, ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி, பட்டிமன்றம் எல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். இவர் ஆற அமரப் பின்னால் போவார். “முன்னாடி போயி என்ன பண்ணப்போறோம்?” என்பார்.

ஆட்ட நாளில் அவருடைய செல்போன் அணைந்து ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிடும். டீக்கடைக்குள் நுழையும்போதே கையைத் தூக்கி, “யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, நான் இன்னும் பாக்கல” என்று அறிவிப்பார். ஒருமுறை யாரோ வாய்தவறி ஸ்கோரைச் சொல்லிவிட, குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியேறினார். ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

புதிதாக எந்த டிவி, எந்த ஸ்பீக்கர் வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இனிமேல் பதிவெல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்காது, கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்று ஒரு செய்தி பார்த்ததிலிருந்து வருத்தம். “என் வீட்டு ரெக்கார்டிங்க அவன் எதுக்கு வச்சுக்கணும்? நாளைக்கு அவன் கதவைச் சாத்திட்டா நான் யாரைப் போய்க் கேக்குறது?”

கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். அரியலூர்ப் பக்கம் தண்டவாளத்தில் நின்ற ஓர் ஆளைப் பற்றி, ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்த என்னிடம் பேச ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். “ரயில்ல பிரேக் புடிச்சா ரொம்ப தூரம் போயித்தான் நிக்கும் சார். இது அமுக்கின இடத்துலயே நிக்குது பாருங்க” என்றார்.

அவருக்கு ஒரே மகள், அமலி. பொன்மலை ரயில்வே மைதானத்தில் கால்பந்து பழகி, மாநிலப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர் ஆனவள். போன பிப்ரவரியில் அவள் அணி இறுதிப்போட்டிக்கு வந்தது. வடக்கே ஏதோ ஊரில் ஆட்டம், டிவியில் நேரடி ஒளிபரப்பு. காலையிலேயே போன் செய்தாள். “அப்பா, இன்னைக்காவது லைவ்ல பாருங்க. நீங்க பாத்துட்டு இருக்கீங்கன்னு நெனச்சு ஆடுவேன்.”

“பாக்குறேம்மா” என்றார்.

அவரால் முடியவில்லை. அமலியை நோக்கிப் பந்து வரும்போதெல்லாம் கட்டைவிரல் தானாக அமுங்கியது. ஒவ்வொரு முறையும் எழுந்து கூடத்தில் நடந்து, சிலுவைப் படத்தைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இப்படி நிறுத்தி நிறுத்தி, அவருடைய ஆட்டம் நிஜ ஆட்டத்துக்கு வெகுவாகப் பின்தங்கிப்போனது. இதே ஆட்டத்தை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுரேஷ்குமார் வீட்டிலிருந்து பஞ்சையும் மீறிக் கேட்ட கூச்சல் எப்போதோ நின்றுபோயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் மனைவி லூர்துமேரி கவனித்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

அப்போதுதான் திரையில் அது நடந்தது. ஓரத்திலிருந்து உயரமாக வந்த பந்துக்கு அமலியும் எதிரணிப் பெண் ஒருத்தியும் ஒன்றாக எம்பினார்கள். அந்தப் பெண்ணின் முழங்கால் அமலியின் தலையில் இடித்தது. அமலி விழுந்தாள்.

இன்னாசிராஜ் நிறுத்தினார்.

“போடுங்க” என்றார் லூர்துமேரி.

“இரு.”

“என்னத்த இருக்குறது? அங்க நடந்தது நடந்து முடிஞ்சிருக்கும்ங்க. புள்ள எந்திரிச்சாளா இல்லையான்னு பாக்கணும், போடுங்க.”

“கொஞ்சம் இரு மேரி.”

லூர்துமேரி செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

இன்னாசிராஜ் திரைக்கு மிக அருகில் போய் நின்றார். ஒருக்களித்துக் கிடந்தாள் மகள். கையுறை விரிந்திருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்து நடந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஒரு பொத்தான்தான். அவர் அமுக்கவில்லை.

லூர்துமேரி திரும்பி வந்தார். “ஆட்டமே முடிஞ்சிருச்சாம். அவள ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்களாம். அதுக்கு மேல எதையும் கேக்க எனக்குத் தெம்பில்ல. போன எடுங்க.”

ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்தார். அது உயிர்பெற்று வருவதற்குள் நாலைந்து முறை தட்டிப்பார்த்தார். வந்ததும் வரிசையாகத் தவறிய அழைப்புகள். எல்லாம் பயிற்சியாளர் வஹீதாவிடமிருந்து. கூப்பிட்டார்.

“எங்க அங்கிள் போனீங்க? எத்தனை தடவை கூப்பிடுறது” என்றார் வஹீதா. “பயப்படாதீங்க. நெனவு வந்திருச்சு. ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். உங்ககிட்ட பேசியே ஆகணும்ங்கிறா.”

அமலியின் குரல் குழறிக்கொண்டு வந்தது. “அப்பா... பந்து உள்ள போயிருச்சா?”

இன்னாசிராஜ் நின்றுகிடந்த திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம் போகலைங்கிறாங்க. ஜெயிச்சிட்டோம்ங்கிறாங்க. ஆனா வண்டியில கூட வர்றவங்க எல்லாரும் அழுதிட்டு இருக்காங்கப்பா. நீங்க பாத்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க.”

போனைக் காதில் வைத்தபடியே ரிமோட்டை எடுத்தார். அமுக்கினார்.

அமலி அசையாமல் கிடந்தாள். அவள் கையிலிருந்து நழுவிய பந்து ஒருமுறை துள்ளியது. பிறகு அவசரமில்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது. எதிரணிப் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கீழே கிடப்பவளைப் பார்த்ததும் நின்றார்கள். நடுவர் ஓடிவந்தார். பிறகு வெள்ளைச் சட்டைக்காரர்கள். அமலியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை இன்னாசிராஜ் கண்ணை எடுக்கவில்லை.

லூர்துமேரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, போகலைன்னு சொல்லுங்க என்பதுபோலத் தலையை அசைத்தார்.

“போயிருச்சும்மா” என்றார் இன்னாசிராஜ்.

ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு நடுவே அமலியின் குரல் வந்தது.

“ஃபவுல் குடுக்கலையா?”

“இல்லம்மா. கோல் குடுத்துட்டாங்க.”

“சரிப்பா” என்றாள் அமலி. நீளமாக மூச்சு விட்டாள். “இப்ப தலை மட்டும்தான் வலிக்குது.”

தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை, கொஞ்ச நாள் மைதானம் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவள் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், அம்மாவோடு வம்பு வளர்த்தாள். அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்லி லூர்துமேரி ரகசியமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இன்னாசிராஜ் அழிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த ஒரு மத்தியானம் அமலி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்த ஃபைனலைப் போடுங்கப்பா. நான் எங்க தப்பா எம்புனேன்னு பாக்கணும்.”

“இப்ப எதுக்கும்மா?”

“திரும்ப ஆடப்போறேன்ல.”

போட்டார். முதல் பாதி ஓடியது. அமலி முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள், நடுநடுவே தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டாம் பாதியும் முடியும் தறுவாய்க்கு வந்தது. எதிரணிக்காரி பந்தோடு ஓரமாக ஓடத் தொடங்கியபோது இன்னாசிராஜின் கட்டைவிரல் நகர்ந்து பொத்தானின்மேல் போய் நின்றது.

ரிமோட்டை மகளின் மடியில் வைத்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.